சங்குக்குள் ஒரு புல்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் வரிசையாகச் சங்குக் கடைகள். எந்தக் குழந்தை வந்து நின்றாலும் கடைக்காரர் ஒரு பெரிய சங்கை எடுத்து நீட்டி, "கடல் கேக்குதா பாரு" என்பார். போன வருடம் என் அக்கா மகளுக்கும் அப்படித்தான் நீட்டினார். ஒன்பது வயதுக்காரி சங்கை வாங்கி, காதில் வைக்காமல் காதுமடலின் உச்சியில், கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டாள்.

"காதுல வைம்மா, மண்டையில வைக்கிற."

"எனக்குக் காது இங்கதான் இருக்கு" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். பிறவியிலேயே காது கேளாத அவளுக்கு மூன்று வயதில் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தார்கள். மைக், காதுக்குப் பின்னால் மாட்டிய கருவியின் உச்சியில் இருக்கிறது. அது பிடிக்கும் ஒலியைக் கருவி குறியீடாக மாற்றுகிறது. மண்டையில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் காயில், அந்தக் குறியீட்டைத் தோலைத் தாண்டி உள்ளே அனுப்புகிறது. உள்ளே புதைத்த சில்லு அதை மின்துடிப்புகளாக்கி, உள்காதின் நத்தைச்சுருளில் செருகிய மெல்லிய கம்பி வழியே நரம்புக்குக் கொடுக்கிறது. காதுத்துளைக்கு இந்தப் பாதையில் வேலையே இல்லை.

செங்கல்பட்டில் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். வாய் ஓயாது. ஆனால் எனக்குள் ஒரு குறை இருந்தது. நான் பாட்டுப் பைத்தியம். அவளுக்கு ஏழு வயதானபோது, எனக்கு மிகப் பிடித்த இளையராஜா பாட்டு ஒன்றை அவள் கருவிக்கு நேராகப் போட்டுக்காட்டினேன். வயலின்கள் ஒரு பக்கம் ஏற, புல்லாங்குழல் இன்னொரு பக்கம் இறங்க, அடியில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும் பாட்டு. பத்து நொடிகூட ஆகவில்லை. காயிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறாங்க மாமா."

பேச்சு வந்துவிட்டது, பாட்டு வரவில்லை என்று அன்று முடிவுகட்டினேன். ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கருவியின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, தப்பு அவள் காதிலும் இல்லை, கருவியிலும் இல்லை என்று பட்டது. இருநூறு வருடமாக மனிதர்கள் இந்தக் கருவியிடம் எதைக் கேட்டார்களோ, அதை அது கொடுத்திருக்கிறது. கேட்டது பேச்சு.

*

மின்சாரத்தால் கேட்க முடியுமா என்று முதலில் சோதித்தவர்களில் ஒருவர் மின்கலத்தைக் கண்டுபிடித்த அலெசாண்ட்ரோ வோல்டா. இரண்டு உலோகக் குச்சிகளைத் தன் இரு காதுகளிலும் வைத்து மின்சாரத்தைப் பாய்ச்சினார். தலைக்குள் ஓர் அதிர்ச்சி, அதைத் தொடர்ந்து கெட்டியான ஏதோ ஒன்று கொதிப்பது போன்ற சத்தம். 1800-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் இதையும் சேர்த்திருக்கிறார். திரும்பச் செய்யும் ஆசை அவருக்கு வரவில்லை.

அதன் பிறகு, 1957 பிப்ரவரியில் பாரிஸ். ஆந்த்ரே ஜூர்னோ, ஷார்ல் எய்ரியெஸ் என்ற இருவர், முற்றிலும் கேட்காத ஒருவரின் செவிநரம்பில் ஒரு மின்சுருளைப் பொருத்தினார்கள். அவருக்குச் சில்வண்டு கத்துவது போல ஏதோ கேட்டது. பயிற்சிக்குப் பிறகு 'அப்பா', 'ஹலோ' மாதிரி சில சொற்களைப் பிரித்தறிந்தார். கொஞ்ச நாளில் கருவி பழுதானது. ஆனால் செவிநரம்பை மின்சாரத்தால் எழுப்ப முடியும் என்பது உறுதியாகிவிட்டது.

லாஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் ஹவுஸ் 1961-இல் நோயாளிகளின் உள்காதில் மின்முனை வைத்துப் பார்த்தார். அவருடைய பிற்காலக் கருவியில் இருந்தது ஒரே ஒரு தடம். 1984-இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி தந்தது. ஒரு தடத்தில் சுருதி பெரிதாகத் தெரியாது. சத்தம் எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, பலமா மெல்லியதா என்பது தெரியும். சுருக்கமாகச் சொன்னால், தாளம் தெரியும். உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்பவர்களுக்கு அதுவே பெரிய துணையாக இருந்தது.

இங்கே ஒரு தமிழ்ச் சொல்லைப் பார்க்க வேண்டும். நரம்பு. உடம்பில் ஓடுவதும் நரம்பு, யாழில் கட்டியதும் நரம்பு. பழைய நூல்களில் நரம்பு என்று வந்தால் பெரும்பாலும் இசையைப் பற்றித்தான் பேச்சு. இந்தக் கருவியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. யாழில் நீண்ட நரம்பு தாழ்ந்த ஒலி தரும், குறுகிய நரம்பு உயர்ந்த ஒலி தரும். நத்தைச்சுருளிலும் அப்படி ஓர் ஒழுங்கு இருக்கிறது. இரண்டரைச் சுற்றுச் சுருள் அது. வாயிலருகே உயர்ந்த ஒலிகள், உள்ளே போகப் போகத் தாழ்ந்த ஒலிகள். அங்கே சுமார் 3,500 உள்மயிர்ச் செல்கள் வரிசையாக நின்று ஒலியை நரம்புக்குச் சொல்கின்றன. பிறவியிலேயே காது கேளாத பலருக்கு இந்தச் செல்கள்தான் வேலை செய்வதில்லை. நரம்பு அப்படியே காத்திருக்கிறது. மீட்ட விரல் இல்லாத யாழ் போல.

ஆகவே ஒரே இடத்தில் தொட்டால் போதாது, சுருளில் பல இடங்களில் தொட வேண்டும் என்று நினைத்தார் ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க். அவருடைய அப்பா காது மந்தமான ஒரு மருந்துக்கடைக்காரர். வாடிக்கையாளர்கள் என்ன மருந்து வேண்டும் என்று சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்த கடையில் வளர்ந்தவர் கிளார்க். ஆயிரக்கணக்கான செல்களின் வேலையைச் சில கம்பிகள் செய்துவிடுமா என்று துறைக்குள்ளேயே பலரும் சந்தேகப்பட்டார்கள். அவருக்கோ அதைவிடச் சின்னத் தடை ஒன்று இருந்தது. வளைந்து வளைந்து போகும் சுருளுக்குள், அதைக் கிழிக்காமல், ஒரு கம்பிக் கற்றையை ஆழமாகச் செருகுவது எப்படி?

1977-இல் விடுமுறைக்கு மின்னமுரா என்ற கடற்கரைக்குக் குடும்பத்தோடு போயிருந்தார். மணலில் கிடந்த ஒரு சங்கை எடுத்து, பக்கத்தில் கிடைத்த புல்லையும் குச்சிகளையும் அதற்குள் விட்டுப் பார்த்தார். விறைப்பான குச்சி முதல் வளைவிலேயே முட்டி நின்றது. நுனி துவண்டும் அடி விறைத்தும் இருந்த புல், வளைவுகளைத் தடவிக்கொண்டே உள்ளே போனது. கம்பிக் கற்றையும் அந்தப் புல்லைப் போலத்தான் இருக்க வேண்டும் என்று அங்கே முடிவானது. சங்குக் கடையில் எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் புல்தான்.

*

1978 ஆகஸ்ட் 1 அன்று மெல்பர்னில், விபத்தில் கேட்கும் திறனை இழந்திருந்த ராட் சாண்டர்ஸ் என்பவருக்குக் கிளார்க் அந்தப் பலதடக் கருவியைப் பொருத்தினார். சில வாரம் கழித்துச் சோதனை. ஆரம்பச் சோதனைகளில் ஒன்றில், கருவி வழியாக ஒரு மெட்டை அனுப்பினார்கள். சாண்டர்ஸ் நாற்காலியை விட்டு எழுந்து விறைப்பாக நின்றார். அது தேசிய கீதம். தலையிலிருந்து போகும் ஒயர்கள் அறுந்துவிடுமோ என்று சுற்றியிருந்தவர்கள் பதறினார்கள்.

இந்தக் காட்சியை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நவீன காக்ளியர் இம்ப்ளான்ட்டின் பிறப்பிலேயே ஒரு பாட்டு இருக்கிறது. சாண்டர்ஸ் எதைக் கேட்டு எழுந்தார்? மெட்டின் ஒவ்வொரு சுரமும் சுத்தமாகக் கேட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை. எந்த இடத்தில் நீளும், எந்த இடத்தில் நிற்கும் என்ற தாளக்கட்டு கேட்டிருக்கும். மிச்சத்தை அவருடைய ஞாபகம் பாடியிருக்கும். பின்னால், உதட்டைப் பார்க்காமலேயே அவர் சொற்களைத் திருப்பிச் சொன்ன அன்றைக்குத்தான் கிளார்க் பக்கத்து அறைக்குப் போய் அழுதார். அந்த அழுகை பேச்சுக்காக. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பின் ஆராய்ச்சி போன திசையும் அதுவாகவே ஆனது.

அதே காலத்தில் வியன்னாவில் இங்கபோர்க் ஹோக்மயர், எர்வின் ஹோக்மயர் தம்பதி இன்னொரு பலதடக் கருவியை உருவாக்கினார்கள். 1991-இல் அமெரிக்காவில் பிளேக் வில்சன் குழு வெளியிட்ட ஒரு முறை பேச்சுக் கேட்பதைப் பெரிய அளவில் மேம்படுத்தியது. இன்றைய கருவிகள் பலவற்றுக்கும் அதுதான் அடிப்படை. ஒலியைச் சில பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பட்டையிலும் ஒலி எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்ற மேல்கோட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் நுண்ணிய அதிர்வுகளை விட்டுவிடுகிறது. ஒன்றோடொன்று மோதாதபடி மின்துடிப்புகளை மின்முனைகளுக்கு மாற்றி மாற்றி அனுப்புகிறது. கிளார்க், இங்கபோர்க் ஹோக்மயர், வில்சன் மூவருக்கும் 2013-இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

விட்டுவிட்டது என்ன என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. ராபர்ட் ஷானன் குழு 1995-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. சாதாரணமாகக் கேட்பவர்களுக்கு, பேச்சை நான்கே பட்டைகளின் மேல்கோடாகச் சுருக்கிக் கொடுத்தாலும், அமைதியான இடத்தில் அவர்கள் பெரும்பாலும் புரிந்துகொண்டார்கள். மனித மொழி அவ்வளவு கெட்டி. எவ்வளவு கிழிந்தாலும் அர்த்தம் ஒட்டிக்கொண்டிருக்கும். 2002-இல் இன்னொரு குழு, ஓர் ஒலியின் மேல்கோட்டையும் மற்றோர் ஒலியின் நுண்ணதிர்வையும் ஒட்டிக் கலப்பு ஒலிகளைச் செய்து கேட்கவைத்தது. பேச்சில் காது மேல்கோட்டைப் பின்தொடர்ந்தது. மெட்டில் நுண்ணதிர்வைப் பின்தொடர்ந்தது. கருவி எதைக் கடத்தாமல் விட்டதோ, அதில்தான் மெட்டு இருந்தது.

எண்ணிக்கையில் சொன்னால் நமக்கு இன்னும் நன்றாக விளங்கும். நம் இசைமரபு ஒரு ஸ்தாயியை 22 அலகாகப் பிரிக்கிறது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்தில், 22 இல்லை, 24 என்று வாதாடினார். ஒரு ஸ்தாயிக்குள் இரண்டு அலகு கூடவா குறையவா என்று ஒரு பெரும் புத்தகம். மெல்பர்னில் பிறந்த கருவியில் இன்று இருக்கும் மின்முனைகளும் 22-தான். தற்செயல். ஆனால் அந்த 22 ஒரு ஸ்தாயிக்கு இல்லை. சுமார் 188 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை, ஐந்தரை ஸ்தாயிக்கும் சேர்த்து 22. சராசரியாக ஸ்தாயிக்கு நான்கு. பாட்டு அதிகம் புழங்கும் கீழ்ப்பகுதியில் இன்னும் குறைவு. ஒரு பெண்குரல் மத்திய ஸ்தாயியில் பாடும் ஏழு சுரங்களின் அடிப்படை அதிர்வுகளும் இரண்டு மூன்று மின்முனைகளுக்குள் அடங்கிவிடும். போதாததற்கு, உள்காதில் நிறைந்திருக்கும் திரவத்தில் பக்கத்துப் பக்கத்து மின்முனைகளின் மின்சாரம் கசிந்து கலந்துவிடுகிறது. யாழின் ஒரு நரம்பைத் தொட்டால் நாலு நரம்பு சேர்ந்து அதிர்வது மாதிரி.

இப்போது என் இளையராஜா பாட்டை அந்தக் கம்பிக்குள் அனுப்பிப் பாருங்கள். வயலின் கூட்டமும் புல்லாங்குழலும் கோரஸும் கிட்டாரும் அதே சில தடங்களில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி வருகின்றன. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்று அவள் சொன்னது உவமை இல்லை. துல்லியமான விவரிப்பு.

*

பாட்டு தெரிந்து, பிறகு அதை இழந்தவர்களின் கதை வேறு. அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் கோரஸ்ட் பிறவியிலேயே கேட்கும் திறன் குறைந்தவர். மிச்சமிருந்ததும் 2001-இல் போனது. இம்ப்ளான்ட் வைத்ததும் அவர் தேடியது ராவெலின் 'பொலேரோ'வை. சின்ன முரசு ஒன்று ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே தாளத்தை அடித்துக்கொண்டிருக்க, அதன்மேல் இரண்டு மெட்டுகள் வாத்தியம் மாற்றி மாற்றி வரும் இசை அது. முதலில் அவருக்கு முரசு கேட்டது, மெட்டு கேட்கவில்லை. கம்பியை மாற்ற முடியாது. ஆனால் மென்பொருளை மாற்றலாம். பக்கத்துப் பக்கத்து மின்முனைகள் இரண்டுக்கும் மின்சாரத்தைப் பங்கிட்டு, நடுவே இல்லாத சுருதிகளை உண்டாக்கும் புதிய மென்பொருளைச் சோதிக்கப் பல ஆராய்ச்சிக்கூடங்களுக்குப் போனார். பொலேரோ கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்ததை 2005-இல் ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார். அவரிடம் ஒரு ஞாபகம் இருந்தது. அதை நோக்கி நடந்தார்.

என் அக்கா மகளிடம் அந்த ஞாபகம் இல்லை. இதை நான் வெகுநாள் யோசிக்கவே இல்லை. அவளுக்கு இளையராஜா 'இப்படி' இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லிவைத்திருக்கவில்லை. நான் ஒருவன்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நம் ஊரில் இம்ப்ளான்ட் வைத்தவர்களில் பெரும்பகுதி இப்படிப்பட்ட குழந்தைகள்தான். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. தொண்ணூறுகளில் இந்த அறுவை சிகிச்சை இந்தியப் பெருநகரங்களுக்கு வந்தபோது, பல லட்சம் ரூபாய் புரட்ட முடிந்தவர்களுக்கே அது எட்டியது. சென்னையில் இதை நிலைநாட்டிய மருத்துவர்களில் முக்கியமானவர் மோகன் காமேஸ்வரன். 2006-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கதவு அகலமாகத் திறந்தது அரசுக் காப்பீட்டால். 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 ஜனவரியில் அதற்குப் பதிலாக வந்த முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் ஆகியவற்றின் கீழ், ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்த குடும்பங்களின் பிள்ளைகளும் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார்கள். கொத்தனார் பிள்ளையும் மீன்காரம்மா பேத்தியும் காதில் கருவியோடு அங்கன்வாடிக்குப் போவதைச் செங்கல்பட்டில் பார்க்கலாம். 

இதை எல்லாரும் வரம் என்று சொல்வதில்லை. சைகை மொழியையே தங்கள் மொழியாகக் கொண்டவர்கள், குழந்தையைச் சரிசெய்ய வேண்டிய பொருளாகப் பார்க்காதீர்கள் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்தக் கேள்வி எனக்கும் பதில் சொல்லிவிட்டு நகரக்கூடியதாக இல்லை. ஆனால் கம்பி உள்ளே போன பிறகு, அந்தக் குழந்தைக்கு என்னென்ன கிடைக்க வேண்டும் என்று கேட்பது மற்றவர்களின் பொறுப்பு.

கிடைப்பது பேச்சுப் பயிற்சி. ஆபரேஷன் முடிந்தபின் ஏவிடி கிளாஸ். வீட்டில் தினமும் காலையில் கருவியை மாட்டியதும், அக்கா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஆறு ஒலிகள் சொல்வாள். ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும். டேனியல் லிங் என்பவர் வகுத்த சோதனை. இந்த ஆறும் கேட்டால் பேச்சு முழுக்கக் கேட்கிறது என்று அர்த்தம். நல்ல சோதனை. ஆறு வருடமாக அந்த வீட்டில் ஒருநாள்கூடத் தவறியதில்லை. அந்த ஆறில் பாட்டு இல்லை. ஒருமுறை பாட்டு கிளாஸில் சேர்க்கப் போனபோது, "சுருதி சேராதும்மா, குழந்தையைக் கஷ்டப்படுத்தாதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அக்கா அன்று ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்.

*

மாமல்லபுரத்தின் இசைப்பெருமையைப் பேசுபவர்கள் நரம்பிலிருந்துதான் தொடங்குவார்கள். கடற்கரைக் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன், காஞ்சி கைலாசநாதர் கோயிலில் வெட்டிவைத்த பட்டப்பெயர்களில் ஒன்று 'வீணா நாரதன்'. வீணையில் நாரதன் போன்றவன். ராஜாக்களுக்கு நரம்புக் கருவி மேல்தான் ஆசை. தோல்கருவி தெருவில் இருந்தது.

ஆடி மாதம் அக்கா வீட்டுத் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். பம்பையும் உடுக்கையும் வரும். எனக்கு அந்தச் சத்தம் தலைவலி. அவளுக்கு எட்டு வயதில், கருவியைக் கழற்றிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பம்பைக்காரருக்கு நேர் எதிரே போய் நின்றாள். அடி மாறும்போதெல்லாம் கால் மாறியது. ஒரு முறைகூடத் தவறவில்லை. கருவி வைத்தவர்களுக்குத் தாளம் மற்றவர்களுக்குக் கேட்பது போலவே ஏறக்குறையக் கேட்கிறது என்பது ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. நான் அதைப் படித்திருந்தேன். தெருவில் பார்த்தபோதுதான் நம்பினேன்.

அடுத்தது எதிர்வீட்டுப் பையன். மிருதங்கம் கற்றுக்கொள்கிறவன், திண்ணையில் உட்கார்ந்து கைத்தாளம் போட்டுக்கொண்டு சொற்கட்டு சொல்லிப் பழகுவான். தகதிமி, தகஜொணு. இவள் இந்தப் பக்கத்துத் திண்ணையிலிருந்து அதைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தாள். விளையாட்டுக்குத்தான். ஒரு மாதத்தில் அவன் தடுமாறினால் இவள் திருத்தினாள்.

யோசித்துப் பார்த்தால் வியப்பில்லை. சொற்கட்டு என்பது பேச்சொலியால் செய்த தாளம். கருவி நன்றாகக் கடத்தும் இரண்டு விஷயங்கள் பேச்சொலியும் தாளமும். அவள் தினமும் காலையில் சொல்லிப் பழகிய ஆறு ஒலிகளின் பக்கத்து வீட்டில்தான் கொன்னக்கோல் இருந்திருக்கிறது. நாங்கள் கதவைத் தட்டவில்லை. கும்மியும் அப்படித்தான். ஒரே மெட்டு, தெளிவான சொல், கைத்தட்டு. திருப்புகழும்கூட. திருப்புகழ்ப் பதிப்புகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே அதன் சந்தத்தைத் தன, தான என்று தனியாக அச்சிட்டிருப்பார்கள். சொல்லுக்கு முன்னால் சந்தம். திருப்போரூருக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் அருணகிரிநாதர் பாடல்கள் இருக்கின்றன. அவள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்து முருகன்கள். ஒரு பாட்டின் சந்தத்தை முதலில் சொல்லிக் கொடுத்தேன். பிறகு சொற்களைப் படித்தோம். மெட்டு கடைசியில்தான். மெட்டு எனக்குக் கேட்பது மாதிரி அவளுக்குக் கேட்கிறதா என்று எனக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அந்தப் பாட்டை அவளே கேட்டு வாங்குகிறாள். சொற்களோடு கேட்ட பாட்டை இப்படிப்பட்ட குழந்தைகள் அடையாளம் காண்பதும், சொல் இல்லாத வெறும் மெட்டாக வாசித்தால் தடுமாறுவதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

இந்தப் பாதையில் போகும் வேறு பெற்றோருக்கு உதவும் என்பதால் நாங்கள் கண்டதைச் சொல்லிவிடுகிறேன். பல கருவிகளில் இரைச்சலைத் தானாகக் குறைக்கும் வசதி இருக்கும். மாறாமல் நீளும் ஒலியை அது இரைச்சல் என்று நினைத்துக்கொள்ளும். பேச்சுக்கு நல்லது. ஆனால் சுருதிப்பெட்டியின் ரீங்காரத்தையும் நாகஸ்வரத்தின் நீண்ட கார்வையையும் மின்விசிறிச் சத்தத்தோடு சேர்த்துவிடக்கூடும். ஆடியாலஜிஸ்ட்டிடம் சொன்னால் இசைக்கென்று தனி புரோகிராம் போட்டுத் தருவார்கள். அது வேண்டும் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். அமைதியான அறை. ஒரு குரல், ஒரு வாத்தியம். பாட்டின் சொற்களை முன்பே படித்துவிடுவது. அதே பாட்டை நாள் கணக்கில் கேட்பது. பாடுகிறவரின் வாயைப் பார்ப்பது, மிருதங்கத்தின் மேல் கை வைத்துக்கொள்வது. மற்றொரு காதில் கொஞ்சமாவது கேட்கும் திறன் மிச்சமிருந்தால் அதற்குக் காது மிஷினைக் கைவிடாமல் இருப்பது. தாழ்ந்த ஒலிகளும் மெட்டும் அந்தக் காது வழியாக வர வாய்ப்பு அதிகம்.

இது எல்லாம் காதைப் பாட்டுக்குத் தயார்செய்வது. பாட்டையும் காதுக்குத் தயார்செய்யலாம். 2011-இல் மெல்பர்னில், இம்ப்ளான்ட் வைத்தவர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்களுக்கு எது நன்றாகக் கேட்கிறது என்று தெரிந்துகொண்டு, இசையமைப்பாளர்கள் சிலர் புதிதாக இசை எழுதி ஒரு நிகழ்ச்சியே நடத்தினார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இந்தக் கருவியை வைத்திருக்கும் மாநிலம் நம்முடையது. பறையும் பம்பையும் தவிலும் கொன்னக்கோலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மாநிலமும் இதுதான். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அறையின் மூலையில் ஒரு பறை இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

*

அன்று மாமல்லபுரத்திலிருந்து சாயங்காலம் செங்கல்பட்டு பஸ் ஏறினோம். வழியில் திருக்கழுக்குன்றம். அங்கே சங்கு தீர்த்தக் குளத்தில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்பது நம்பிக்கை. நன்னீர்க் குளத்தில் கடல்சங்கு எப்படி வரும் என்று அவள் கேட்டாள். வரும்போது போய்ப் பார்ப்போம் என்றேன். மடியில் கடையில் வாங்கிய சின்னச் சங்கு.

பஸ்ஸில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. என்ஜின் சத்தம் வேறு. காயிலைக் கழற்றிவிட்டாள். வேண்டாத சத்தத்தை ஒரே கையசைவில் நிறுத்த முடிவது அவளுக்கு மட்டும் கிடைத்த வசதி. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவள், முன் சீட்டின் கம்பியில் விரலால் தட்ட ஆரம்பித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன பாட்டு, சொல்லு" என்றாள்.

காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்டேன். மறுபடியும் தட்டச் சொன்னேன். தட்டினாள். நீளும் இடம், நிற்கும் இடம், மூன்று வேகமான தட்டு, ஒரு இடைவெளி. எனக்கு நூற்றுக்கணக்கான பாட்டு தெரியும். ஒன்றும் பிடிபடவில்லை. உதட்டைப் பிதுக்கினேன்.

காயிலை மாட்டிக்கொண்டு, நான் அவளுக்கு ஏழு வயதில் போட்டுக்காட்டிய அந்தப் பாட்டின் முதல் வரியைச் சொன்னாள். எப்போது, யாரிடம் அதைக் கேட்டுப் பழகினாள் என்று தெரியவில்லை.

"இதுகூடத் தெரியலையா மாமா?" என்றாள். பிறகு முதலிலிருந்து, எனக்காகக் கொஞ்சம் மெதுவாக, தட்டிக் காட்டினாள்.